மகப்பேறு விடுப்பு 26 வாரம்: ஐ.டி. வேலைக்குப் போகும் குமரி மாவட்டப் பெண்களுக்கு

போன வாரம் எங்கள் தெருப் பெண் ஒருத்தி தன் போனை என்னிடம் நீட்டினாள். "அக்கா, இது சரிதானாண்ணு பாத்துச் சொல்லுங்க." திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் ஒரு கம்பெனியில் வேலை, சேர்ந்து ஐந்து மாதம். வயிற்றில் பிள்ளைக்கு நான்கு மாதம். ஹெச்.ஆரிலிருந்து வந்த மெயிலில் இருந்தது ஒரே வரிதான்: ஓராண்டு பணி முடியாததால் சம்பளத்துடன் மகப்பேறு விடுப்பு தர இயலாது.

அது சரியில்லை. சட்டம் ஓராண்டு கேட்கவே இல்லை. பிரசவத்துக்கு டாக்டர் குறித்துக் கொடுத்த தேதிக்கு முந்தைய 12 மாதங்களில், அந்த முதலாளியிடம் 80 நாள் வேலை செய்திருந்தால் போதும். ஐந்து மாதமாகத் தினமும் குழித்துறையில் ரயிலேறி, டெக்னோபார்க் இருக்கும் கழக்கூட்டத்தில் இறங்குகிறவள் அந்த 80 நாளை எப்போதோ தாண்டிவிட்டாள். இதைச் சொன்னதும் அவள் முகத்தில் நிம்மதி வரவில்லை. "அது கேரளா கம்பெனியாச்சே அக்கா?" என்றாள்.

இந்த இரண்டு சந்தேகமும் அவளுக்கு மட்டும் உள்ளவை இல்லை. மார்த்தாண்டம், தக்கலை, நாகர்கோவில் பக்கம் ஐ.டி. வேலைக்குப் போகிற பல பிள்ளைகள் இதே இரண்டைத்தான் கேட்கிறார்கள். அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன்.

முதலில் கேரளா விஷயம். மகப்பேறு பயன் சட்டம் 1961-இல் வந்த மத்தியச் சட்டம். 2017-இல் அதைத் திருத்தி 12 வார விடுப்பை 26 வாரம் ஆக்கினார்கள். 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அதன் இடத்துக்கு வந்திருக்கிறது. 26 வாரம், 80 நாள், குழந்தைகள் காப்பகம் ஆகிய உரிமைகள் அதிலும் அப்படியே தொடர்கின்றன. இந்தச் சட்டம் மாநில எல்லையான களியக்காவிளையில் நின்றுவிடுவதில்லை. நாகர்கோவில் கம்பெனிக்கும் கழக்கூட்டம் கம்பெனிக்கும் பெங்களூரு கம்பெனிக்கும் ஒன்றேதான். மாறுவது புகார் கொடுக்கும் அலுவலகம் மட்டும். நீங்கள் வேலை செய்யும் இடத்தின் தொழிலாளர் துறைக்குத்தான் போக வேண்டும்.

பத்துப் பேர் வேலை செய்யும் கடை, அலுவலகம் எதுவானாலும் இதற்குள் வரும். பத்துப் பேர் என்பது ஆணும் பெண்ணும் சேர்ந்த கணக்கு. "எங்க ஆபீசில் பெண்கள் மூணு பேர்தான்" என்று நினைத்து ஒதுங்கிவிட வேண்டாம்.

26 வாரத்தை எப்படி எண்ணுவது

26 வாரம் என்றால் 182 நாள். இதில் 8 வாரத்துக்கு மேல் பிரசவத் தேதிக்கு முன்னால் எடுக்கக்கூடாது. முன்னால் எவ்வளவு குறைவாக எடுக்கிறீர்களோ அவ்வளவு பின்னால் மிஞ்சும். டாக்டர் ஆகஸ்ட் 10 என்று எழுதிக் கொடுத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஜூன் 15-க்கு முன் விடுப்பைத் தொடங்க முடியாது. அன்றே தொடங்கினால் டிசம்பர் 13-ஆம் தேதி முடிந்துவிடும். உடம்பு ஒத்துழைத்து ஜூலை கடைசி வரை வேலை பார்த்து ஆகஸ்ட் 1-இல் தொடங்கினால் ஜனவரி 29 வரை கிடைக்கும். ரயிலில் நின்றுகொண்டே போய் வருகிறவர்கள் இந்தக் கணக்குக்காக உடம்பை வருத்திக்கொள்ள வேண்டாம். அது என் அபிப்பிராயம்.

ஏற்கெனவே இரண்டு பிள்ளைகள் இருந்தால் 26 வாரம் 12 ஆகக் குறையும், முன்னால் எடுக்கும் 8 வாரமும் 6 ஆகும். குறையும் என்றுதான் சட்டம் சொல்கிறது, கிடையாது என்று சொல்லவில்லை. கரு கலைந்துபோனால் 6 வாரம் சம்பளத்துடன் விடுப்பு உண்டு. இதைக் கேட்க நம் பெண்கள் கூச்சப்படுகிறார்கள். இரண்டு நாள் காய்ச்சல் என்று சொல்லி விடுப்பெடுத்துவிட்டு மூன்றாம் நாள் லேப்டாப்பைத் திறந்த பெண்களை எனக்குத் தெரியும். அப்படிச் செய்யாதீர்கள். பிரசவத்துக்கோ கருச்சிதைவுக்கோ அடுத்த 6 வாரம் ஒரு பெண்ணைத் தெரிந்தே வேலை வாங்குவதைச் சட்டம் தடை செய்திருக்கிறது. "ஒரே ஒரு கால், பத்தே நிமிஷம்" என்று ஆஸ்பத்திரி வார்டுக்கு வருகிற அழைப்பும் வேலைதான்.

சம்பளம் முழுதாகக் கிடைக்க வேண்டும். விடுப்புக்கு முந்தைய 3 மாதத்தின் சராசரி நாள் சம்பளம்தான் அடிப்படை. ஞாயிற்றுக்கிழமையைக் கழிக்க முடியாது. கோயம்புத்தூர் தொழிலாளர் நீதிமன்றத்தில் தொடங்கிய ஒரு தோட்டத் தொழிலாளியின் வழக்கில், வாரம் என்றால் ஞாயிறு சேர்ந்த ஏழு நாள்தான் என்று 1977-இலேயே உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது. தோட்டத்தில் உழைத்த பெண் ஒருத்தி விடாமல் கேட்டதன் பலனை இன்று சாஃப்ட்வேர் எழுதும் பெண்ணும் அனுபவிக்கிறாள். பிரசவத்துக்கு முந்தைய காலத்துக்கான பணத்தை முன்கூட்டியே தர வேண்டும். மீதியை, குழந்தை பிறந்ததற்கான சான்று கொடுத்த 48 மணி நேரத்துக்குள் தர வேண்டும். கம்பெனி இலவச மருத்துவ வசதி தராவிட்டால் 3,500 ரூபாய் மருத்துவ போனஸும் உண்டு.

நாகர்கோவிலில் சின்ன கம்பெனிகளில் சேரும் புதியவர்கள் பலருக்கு மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள்தான் இருக்கும். அவர்கள் இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் அரசுக் காப்பீட்டின் வரம்பில் வருவார்கள். அவர்களுக்கும் 26 வாரம்தான், முழுச் சராசரிச் சம்பளம்தான், ஆனால் பணம் கம்பெனியிலிருந்து வராது, இ.எஸ்.ஐ. கழகத்திலிருந்து வரும். அதற்கு, முந்தைய இரண்டு தொடர் சந்தாக் காலங்களில் (ஒவ்வொன்றும் ஆறு மாதம்) 70 நாளுக்காவது சந்தா கட்டியிருக்க வேண்டும். சம்பளச் சீட்டில் இ.எஸ்.ஐ. பிடித்தம் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.

கிராமச் சுகாதாரச் செவிலியரிடம் பதிந்து வாங்கும் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி உதவித்தொகையை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது ஏழைக் குடும்பத்துத் தாய்மாருக்கு மாநில அரசு தருவது. இது நீங்கள் உழைத்துச் சம்பாதித்த உரிமை.

கான்ட்ராக்ட்டில் இருக்கிறேன், விடுப்பு நடுவில் கான்ட்ராக்ட் முடிந்துவிடுமே என்கிறவர்களுக்கு: 2023 ஆகஸ்டில், டெல்லியில் ஒப்பந்தத்தில் பணியாற்றிய ஒரு மருத்துவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. 80 நாள் தகுதி வந்துவிட்டால், ஒப்பந்தம் முடிந்த பிறகும் மகப்பேறு பயனை முழுதாகத் தர வேண்டும். 2025 மே மாதம் தமிழ்நாட்டு அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவர் வழக்கிலும், மகப்பேறு விடுப்பு பெண்ணின் இனப்பெருக்க உரிமையின் பகுதி என்று அதே நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

பதவி போகும் இடம் இதுதான்

விடுப்பைப் பற்றி மட்டும் பேசினால் பாதிதான் பேசினதாகும். பெண்கள் தலைமைக்கு வரவேண்டும் என்று கம்பெனிகளின் மேல்மட்டத்துக்கு ஒரு விதி இருக்கிறது. 2013 கம்பெனிகள் சட்டப்படி, பங்குச் சந்தையில் பட்டியலான ஒவ்வொரு கம்பெனியின் இயக்குநர் குழுவிலும் குறைந்தது ஒரு பெண் இருக்க வேண்டும். அவற்றில் சந்தை மதிப்பில் முதல் 1,000 கம்பெனிகளில் ஒரு பெண், கம்பெனியைச் சாராத சுயேச்சை இயக்குநராகவும் இருக்க வேண்டும் என்று பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி 2020 ஏப்ரல் முதல் கட்டாயமாக்கியது. நல்ல விதிதான். ஆனால் குழித்துறை பிளாட்பாரத்தில் நிற்கும் பெண்ணுக்கும் அந்த நாற்காலிக்கும் நடுவில் இருபது வருடம் இருக்கிறது. அந்த இருபதில் கழுத்தைப் பிடிப்பது ஐந்தாவதிலிருந்து பத்தாவது வருடம் வரைதான். டீம் லீட் ஆகும் வயதும் பிள்ளை பெறும் வயதும் ஒன்றாகவே வருகின்றன. 2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீத எழுத்தறிவோடு தமிழ்நாட்டில் முதலிடம் பிடித்த மாவட்டம் இது. படிக்க வைப்பதில் நாம் குறை வைத்ததில்லை. படித்த பிள்ளைகளை நாம் இழப்பது இந்த இடத்தில்தான்.

எனக்கும் அதுதான் நடந்தது. டெஸ்டிங்கில் ஆறு வருடம் இருந்தேன், அடுத்த லீட் நான்தான் என்று எல்லாருக்கும் தெரியும். விடுப்பு முடிந்து போனபோது என் மாட்யூல் வேறொருவரிடம் இருந்தது. எனக்கு ரிப்போர்ட் எடுக்கும் வேலை. "ஆறு மாசம் நீங்க இல்லையே" என்றார் மேலாளர். அவர் கெட்டவரும் இல்லை, அதுதான் முறை என்று நம்பினார். நானும் நம்பினேன். ராத்திரி எட்டரைக்கு வீட்டுக்குள் நுழையும்போது அம்மா வாசலிலேயே, "பிள்ள இப்பதான் உறங்கிச்சு மக்களே" என்பாள். செருப்பைக் கழற்றாமல் தொட்டில் பக்கம் போய் நிற்பேன். வேலையிலும் இடமில்லை, இங்கேயும் பிள்ளை விழித்திருக்கும்போது நான் இல்லை. ஏழாவது மாதம் ராஜினாமா எழுதினேன். சட்டத்தில் ஒரு வரி எனக்காக இருந்தது என்று பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன்.

அந்த வரி இது: மகப்பேறு விடுப்பில் இருக்கும் பெண்ணை அந்தக் காரணத்துக்காக வேலையை விட்டு நீக்கக் கூடாது, நோட்டீஸ் கொடுக்கக் கூடாது, அவளுடைய பணி நிபந்தனைகளை அவளுக்குப் பாதகமாக மாற்றவும் கூடாது. மூன்றாவது பகுதியைத்தான் யாரும் படிப்பதில்லை. ரேட்டிங், ப்ரமோஷன் என்ற சொற்கள் சட்டத்தில் இல்லை, அதனால் வாய்மொழியாக இருந்த பொறுப்பை மீட்பது கடினம். எழுத்தில் இருந்தால் பிடி கிடைக்கும். எனவே விடுப்பில் போவதற்கு முன், இப்போது உங்கள் பதவி என்ன, எந்தப் பொறுப்பு, யார் உங்களுக்குக் கீழே இருக்கிறார்கள் என்பதை ஒரு மெயிலில் எழுதி, திரும்பி வரும்போது அதே பொறுப்புக்கு வருவதாகக் குறிப்பிட்டு மேலாளருக்கும் ஹெச்.ஆருக்கும் அனுப்புங்கள். விடுப்பில் இருந்த மாதங்களை விட்டுவிட்டு, வேலை செய்த மாதங்களை வைத்து மதிப்பிடும்படி அதிலேயே கேளுங்கள்.

திரும்பிய பிறகு என்னென்ன உண்டு? குழந்தைக்கு 15 மாதம் ஆகும் வரை, வழக்கமான இடைவேளை போக, தினமும் இரண்டு முறை பாலூட்டும் இடைவேளை உண்டு. வீடு அறுபது கிலோமீட்டருக்கு அந்தப்புறம் இருப்பவர்களுக்கு அது பால் பீய்ச்சி எடுத்து வைக்கும் நேரம். அதற்குக் கழிப்பறையைக் காட்டினால் ஒத்துக்கொள்ளாதீர்கள், பூட்டக்கூடிய ஒரு அறை கேளுங்கள். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும், தினம் நான்கு முறை போய்ப் பார்க்கலாம். பல கம்பெனிகள் சேர்ந்து ஒரே காப்பகம் நடத்தவும் சட்டம் இடம் தருகிறது. கழக்கூட்டம் பக்கமே வாடகைக்குக் குடியேறியவர்களுக்கு இது பெரிய உதவி. கைக்குழந்தையை விடியற்காலை ரயிலில் தூக்கிக்கொண்டு போக முடியாதே, அதனால் ஊரிலிருந்து போய் வருகிறவர்களுக்குக் காப்பகத்தால் அதிகப் பயனில்லை.

அவர்களுக்கு உதவுவது வீட்டிலிருந்து வேலை என்ற பிரிவு. வேலை அதற்குத் தோதானதாக இருந்தால், விடுப்பு முடிந்தபின் இருவரும் பேசி ஒத்துக்கொண்ட காலத்துக்கு முதலாளி அனுமதிக்கலாம் என்கிறது சட்டம். "அனுமதிக்கலாம்" என்றுதான் இருக்கிறது, கட்டாயம் இல்லை. அதனால் வெறுமனே கேட்காமல் திட்டத்தோடு கேளுங்கள்: முதல் மூன்று மாதம் வாரம் ஒரு நாள் அலுவலகம், அடுத்த மூன்று மாதம் இரண்டு நாள், இன்னின்ன நேரம் போனில் கிடைப்பேன் என்று. புரோகிராம் எழுதும் வேலையை வீட்டிலிருந்து செய்ய முடியாது என்று இந்தக் காலத்தில் யாரும் சொல்லிவிட முடியாது.

இ.எஸ்.ஐ. இல்லாத இடத்தில் 26 வாரச் சம்பளமும் கம்பெனியின் தலையில்தான் விழுகிறது. தனியார் வேலையில் அப்பாவுக்கு விடுப்பு தரச் சட்டமே இல்லை, மத்திய அரசு ஊழியருக்கு 15 நாள் உண்டு. செலவும் பொறுப்பும் பெண்ணின் பெயரில் மட்டும் எழுதப்படுவதால்தான் இன்டர்வியூவில் "கல்யாணம் எப்போ?" என்று கேட்கிறார்கள். இதை மாற்ற வேண்டும், இ.எஸ்.ஐ. போல் எல்லாரும் சேர்ந்து சுமக்கும் நிதி வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். அது வரும்வரை இருக்கும் உரிமையை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.

எப்படிக் கேட்பது

ஓர் எழுத்து அறிவிப்பு போதும், மெயிலில் கொடுக்கலாம். எந்தத் தேதியிலிருந்து விடுப்பு, பிரசவத் தேதி என்ன, அந்தக் காலத்தில் வேறெங்கும் வேலை செய்ய மாட்டேன், பணத்தை எந்தக் கணக்கில் போட வேண்டும் என்ற நான்கும் இருக்க வேண்டும். டாக்டர் சான்றையும் இணையுங்கள். முன்னால் கொடுக்க முடியாமல் போனால் பிரசவத்துக்குப் பிறகும் கொடுக்கலாம், அதனால் உரிமை போய்விடாது. வேலையில் சேரும்போதே இந்தப் பயன்களை எழுத்தில் தெரிவிப்பதை 2017 திருத்தம் கம்பெனியின் கடமையாக்கியது. உங்கள் சேர்க்கைக் கடிதங்களில் அது இருக்கிறதா என்று தேடுங்கள்.

மறுத்தால் மறுப்பை எழுத்தில் வாங்குங்கள். அதோடு வேலை செய்யும் இடத்தின் தொழிலாளர் துறை ஆய்வாளரிடம் புகார் கொடுங்கள். வேலையை விட்டு நீக்கினாலோ பயனை மறுத்தாலோ, உத்தரவு கைக்கு வந்த 60 நாளுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். பிள்ளையும் கையுமாக இருக்கும்போது 60 நாள் ஓடிவிடும், வீட்டில் ஒருவரை அந்தத் தேதியை நினைவில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

எங்கள் தெருப் பெண் அன்றைக்கே எங்கள் வாசற்படியில் உட்கார்ந்து மெயில் அடித்தாள். சேர்ந்த தேதி, 80 நாள் முடிந்த தேதி, டாக்டர் சீட்டின் படம், கடைசியில் தன் இப்போதைய பொறுப்பைப் பற்றி இரண்டு வரி. அனுப்புவதற்கு முன் அந்த இரண்டு வரியையும் ஒருமுறை எனக்கு வாசித்துக் காட்டினாள்.