எக்ஸ்போர்ட் ஆகிவிட்டது என்பதற்காக விற்றுவிட முடியாது

எடிட்டிங் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது இதுதான்: "அண்ணா, இந்த சாஃப்ட்வேர்ல பண்ணின வீடியோவுக்குக் காசு வாங்கலாமா?" இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. அந்த சாஃப்ட்வேரை வைத்துத் தொழில் செய்யலாமா என்பது ஒன்று. அதற்குள்ளேயே கிடைக்கிற பாட்டு, டெம்ப்ளேட், ஃபான்ட் எல்லாவற்றையும் காசு வாங்கும் வேலையில் போடலாமா என்பது இன்னொன்று. ஆட்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இரண்டாவதில்தான்.

முதல் கேள்வியைச் சீக்கிரம் முடித்துவிடலாம். டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் சாஃப்ட்வேரின் இலவசப் பதிப்பிலேயே வணிக வேலை செய்யலாம்; கட்டணப் பதிப்பில் கூடுதல் வசதிகள் உண்டு, அவ்வளவுதான். கேடென்லைவ், ஷாட்கட், பிளெண்டர் மூன்றும் ஜிபிஎல் என்ற திறந்த மென்பொருள் உரிமத்தில் வருபவை. அவற்றில் நீங்கள் உருவாக்கும் வீடியோவை அந்த உரிமம் கட்டுப்படுத்தாது. மாணவர் பதிப்பு என்றால் மட்டும் நிதானமாகப் படியுங்கள்: அடோபி தன் மாணவர் பதிப்பில் வணிக வேலையை அனுமதிக்கிறது, ஆட்டோடெஸ்க்கின் கல்வி உரிமம் அனுமதிப்பதில்லை. கிராக் பதிப்பு, அதாவது பூட்டை உடைத்துக் காசு கட்டாமல் ஓடவைத்த திருட்டு நகல், வேண்டவே வேண்டாம். 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவு, திருட்டு நகல் என்று தெரிந்தே பயன்படுத்தினால் 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறையும் 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதமும் விதிக்கிறது. வருமானத்துக்காகப் பயன்படுத்தவில்லை என்றால் நீதிமன்றம் சிறையைத் தவிர்க்கலாம். காசு வாங்கி எடிட் செய்கிறவருக்கு அந்த வழி கிடையாது.

சரி, இரண்டாவது கேள்வி. ஒரு ஜவுளிக்கடைக்காரர் ஆடித் தள்ளுபடிக்கு எடுத்த ரீலைக் கொண்டுவந்தார். எடிட் செய்த பையனின் சொந்த இன்ஸ்டாகிராம் கணக்கில் பாட்டோடு ஓடுகிறது, கடையின் பிசினஸ் கணக்கில் சத்தமே இல்லை. இன்ஸ்டாகிராமில் தனிநபர்களுக்குக் கிடைக்கிற சினிமாப் பாட்டு அனுமதி வணிக விளம்பரத்துக்குப் பொருந்தாது. ப்ராஜெக்டைத் திறந்து பார்த்தேன். பாட்டு மட்டும் இல்லை, 'ஆடி அதிரடி' என்று தலைப்பு எழுதியிருந்த ஃபான்ட்கூட சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டும் இலவசம். அதன் ஜிப் ஃபைலிலேயே உரிமம் ஒரு டெக்ஸ்ட் ஃபைலாக இருந்தது, யாரும் திறந்து பார்க்கவில்லை. அதை எடுத்துவிட்டு முக்த மலர் என்ற ஃபான்டைப் போட்டேன். கேட்டமரன், ஹிந்த் மதுரை, நோட்டோ சான்ஸ் தமிழ் எல்லாம் அதைப் போலவே ஓப்பன் ஃபான்ட் லைசென்ஸ் என்ற திறந்த உரிமத்தில் வருபவை. விளம்பரத்தில் தாராளமாகப் போடலாம். தமிழுக்கு இத்தனை நல்ல எழுத்துருக்கள் சும்மா கிடைக்கும்போது எதற்கு வம்பு?

இசையில் இன்னும் கவனம் வேண்டும். படைத்தவரே சில நிபந்தனைகளோடு பொதுவில் அனுமதி தருகிற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் என்சி (NC, வணிகம் அல்லாதது) என்று இருந்தால் வணிகத்துக்கு ஆகாது என்பது பலருக்கும் தெரியும். என்டி (ND, மாற்றியமைக்கக் கூடாது) என்று இருந்தால் வீடியோவிலேயே சேர்க்க முடியாது என்பது பலருக்குத் தெரியாது. காட்சிக்குப் பொருத்தி இசையைச் சேர்ப்பதை அந்த உரிமம் மாற்றியமைப்பதாகவே கணக்கில் கொள்கிறது. மாதச் சந்தா கட்டி எடுக்கிற இசை என்றால் சந்தா யார் பெயரில், எந்தத் திட்டத்தில் என்று பாருங்கள். சொந்தச் சேனலுக்கான திட்டத்தை வைத்து வாடிக்கையாளர் விளம்பரம் செய்தால் அது செல்லாமல் போகலாம். சந்தா முடிந்த பிறகு பழைய டவுன்லோடைப் புது வீடியோவில் போடுவதும் பல இடங்களில் மீறல்தான்.

கல்யாண வீடியோ செய்கிறவர்களுக்குத் தனியாக ஒன்று. கல்யாணத்தில் பாட்டுப் போடப் பதிப்புரிமைச் சட்டம் 52ஆம் பிரிவில் விலக்கு தருகிறது. அது விழாவில் ஒலிக்கும் பாட்டுக்குத்தான். அதே பாட்டை ஹைலைட் வீடியோவில் கோத்து யூடியூபில் ஏற்றுவதற்கு அதைக் காட்ட முடியாது. அப்புறம், 17ஆம் பிரிவின்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் காசு கொடுத்து எடுக்கச் சொன்னவரே அந்த வீடியோவின் முதல் உரிமையாளர். நாம் போட்ட பாட்டுக்கு அவர் சேனலில் கிளைம் (பாட்டின் உரிமையாளர் உரிமை கோருவது) விழுகிறது, பதில் சொல்ல அவரிடம் ஒன்றும் இருக்காது.

அதனால் ஒவ்வொரு ப்ராஜெக்டிலும் 'உரிமம்' என்று ஒரு ஃபோல்டர் வையுங்கள். பாட்டின் உரிமச் சான்று, ஃபான்டின் டெக்ஸ்ட் ஃபைல், டவுன்லோட் செய்த அன்று இருந்த விதிகளின் ஸ்கிரீன்ஷாட் எல்லாம் அதில் இருக்கட்டும். விதிகளை அவர்கள் எப்போது வேண்டுமானாலும் மாற்றுவார்கள், அதனால் தேதி தெரிய வேண்டும். வீடியோவோடு இந்த ஃபோல்டரையும் வாடிக்கையாளரிடம் கொடுத்துவிடுங்கள். யூடியூபில் கிளைம் வந்து அவர் மறுப்பு தெரிவித்தால், கிளைம் போட்டவர் 30 நாளுக்குள் பதில் சொல்லியாக வேண்டும். என்ன அனுமதி இருக்கிறது என்று அந்த மறுப்பில் எழுத அவருக்கு இந்தச் சான்றுதான் கைகொடுக்கும்.