ஆண் ஹார்மோன் ஊசியும் அரைப் பட்டினியும்

அவர் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவர். வயது 52. சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்து லயத்தில் பிறந்தவர், இப்போது டவுனை ஒட்டிய தாமானில் குடியிருக்கிறார். (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) உணவு ஆலோசனை தரும் என் அறைக்குள் வந்தவர் உட்காரக்கூட இல்லை.

"மிஸ், இந்த ஊசி எனக்குக் கேக்கல போல. நாலு மாசத்துக்கு முன்ன 96 கிலோ. இப்பவும் 95தான்."

டாக்டர் அவருக்கு ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டு வருகிறார். எடை இறங்கவில்லையே என்று இவராகவே ஒரு வைத்தியம் ஆரம்பித்திருந்தார். பசியாற ஒன்றும் இல்லை, வெறும் கோப்பி ஓ. மத்தியானமும் ஒன்றுமில்லை. ராத்திரி இரண்டு கரண்டி சோறும் ரசமும். மூன்று வாரமாக இப்படித்தான்.

நான் அவர் இடுப்பு பெல்ட்டைப் பார்த்தேன். கடையில் போட்ட ஓட்டைகளைத் தாண்டி உள்பக்கம் இன்னொரு ஓட்டை, ஆணி வைத்து அடித்தது, கொஞ்சம் கோணலாக. "இது எப்போ போட்டீங்கண்ணே?" என்றேன். "போன மாசம். சிலுவார் நிக்க மாட்டேங்குது." டேப் வைத்து அளந்தோம். ஊசி தொடங்கியபோது 110 சென்டிமீட்டர் இருந்த வயிறு 106க்கு வந்திருந்தது. ஊசி வேலை செய்துகொண்டுதான் இருந்தது. தராசுக்குத்தான் அது தெரியவில்லை.

டெஸ்டோஸ்டிரோன் தசையைக் கூட்டும், கொழுப்பைக் குறைக்கும், முதல் சில மாதம் உடம்பில் கொஞ்சம் நீரையும் பிடித்து வைக்கும். தராசு எல்லாவற்றையும் ஒன்றாகக் கூட்டிச் சொல்கிறது. மூன்று கிலோ கொழுப்பு போய் இரண்டு கிலோ தசை வந்தால் அது ஒரு கிலோ என்றுதான் காட்டும். அதனால் இந்தச் சிகிச்சையில் இருப்பவர்களுக்கு நான் முதலில் கொடுப்பது ஒரு தையல் டேப். நம்மைப் போன்ற ஆசியர்களில் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்குள் வயிற்றுச் சுற்றளவு இருப்பது நல்லது.

மெல்பர்னில் நடந்து 2016இல் வெளியான ஓர் ஆய்வு இதை நன்றாகக் காட்டியது. பருமனும் குறைந்த டெஸ்டோஸ்டிரோனும் உள்ள 100 ஆண்கள். பத்து வாரம் எல்லாருக்கும் கடுமையான உணவுக் கட்டுப்பாடு, பிறகு எடையைத் தக்கவைக்கும் காலம். பாதிப் பேருக்கு மருந்து ஊசி, பாதிப் பேருக்கு வெற்று ஊசி. இரு தரப்பும் ஏறக்குறைய 11 கிலோ இறங்கினார்கள். ஆனால் வெற்று ஊசிக்காரர்கள் கொழுப்போடு தசையையும் இழந்தார்கள். மருந்து பெற்றவர்கள் இழந்தது கிட்டத்தட்ட கொழுப்பு மட்டுமே. சிகிச்சையை நிறுத்திய பிறகு அந்த லாபம் நிலைக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அந்தத் தசை காற்றிலிருந்து வராது. அதற்குப் புரதம் வேண்டும். நம் ஊர் சாப்பாட்டில் சோறு மலையாக இருக்கும், குழம்பு குளமாக இருக்கும், மீன் மட்டும் வால் துண்டாக இருக்கும். டயட் என்று வந்துவிட்டால் அந்த வால் துண்டும் போய் ரசம் சோறுதான் மிச்சம். நம்மவர்கள் முதலில் வெட்டக் கூடாததை வெட்டுகிறார்கள், அதுதான் எனக்குக் கவலை. இவருடைய சிறுநீரகச் சோதனை நன்றாக இருந்ததால் நாளுக்கு 90 கிராம் புரதம் என்று கணக்கு வைத்தோம். சிறுநீரகம் பாதித்தவர்கள் இந்த எண்ணைக் கேட்டுவிட்டுத் தாங்களாக ஏற்றக் கூடாது.

ஒரு முட்டையில் 6 கிராம். கெம்போங் மீன் சதை 100 கிராமில் 20 வரை. பாசாரில் வாழையிலையில் மடித்து விற்கும் தெம்பே 100 கிராமில் கிட்டத்தட்ட 19. இவற்றை மூன்று வேளைக்கும் பங்கு போட்டோம். வெட்டியது வேறு இடத்தில்: ஒரு நாளைக்கு நான்கு கிளாஸ் தே தாரிக் குடித்தவர், இனிப்புப் பாலில்லாத தே ஓ கோசோங்குக்கு மாறினார். காலையில் இரண்டு ரொட்டி சானாய்க்குப் பதில் இரண்டு முட்டையும் ஒரு தோசையும். சோறு பாதி. நாளுக்கு 500 கலோரி குறைந்தாலே போதும்.

பட்டினியில் இன்னொரு ஆபத்து இருந்தது. அவருக்கு நீரிழிவு உண்டு, கிளிக்லசைட் மாத்திரை எடுக்கிறார். அந்த மாத்திரை நாம் சாப்பிட்டோமா என்று பார்க்காது, சர்க்கரையை இறக்கிவிடும். போதாததற்கு டெஸ்டோஸ்டிரோனும் இன்சுலின் வேலை செய்வதை எளிதாக்கலாம். "ரெண்டு தடவ வேர்த்துக் கொட்டி கை நடுங்கிச்சு மிஸ், லோரிய ஓரம் கட்டிட்டேன்," என்றார் சாதாரணமாக. எனக்கு வயிற்றைக் கலக்கியது. பின்னால் பத்து டன் குலை. அன்றே டாக்டரிடம் அனுப்பி மாத்திரை அளவைக் குறைத்தோம். நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், தைப்பூச விரதம் உட்பட, ஒரு வேளை உணவைக் குறைப்பதற்கு முன்பே டாக்டரிடம் சொல்லுங்கள். காவடி எடுப்பதை யாரும் தடுக்கப் போவதில்லை, மருந்தைத்தான் மாற்றிக் கொடுப்பார்கள்.

அப்புறம் தண்ணீர். இந்த ஹார்மோன் சிவப்பணுக்களைப் பெருக்கும். ரத்தத்தில் அவற்றின் பங்கு 54 விழுக்காட்டைத் தாண்டினால் ரத்தம் கெட்டியாகி உறையும் அபாயம் என்பதால் ஊசியை நிறுத்தி வைப்பார்கள். ஆஸ்திரேலியாவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களிடம் இரண்டு ஆண்டு நடந்த ஆய்வில், ஊசி பெற்றவர்களில் 22 விழுக்காட்டினர் அந்த 54ஐத் தொட்டார்கள். வெற்று ஊசியில் 1 விழுக்காடுதான். (அதே ஆய்வில் நீரிழிவு குறைந்தது என்ற நல்ல செய்தியும் உண்டு.) வழியில் கழிப்பறை தேட வேண்டுமே என்று தண்ணீரே குடிக்காமல் வெயிலில் ஓட்டுகிறவருக்கு இந்த எண் இன்னும் ஏறித்தான் காட்டும். சிகரெட்டும், குறட்டையோடு மூச்சு நின்று நின்று வரும் தூக்கமும் இதைக் கூட்டும்.

ஊசிக்குப் பதில் கேப்சூல் விழுங்குகிறவர்கள் சிலர் உண்டு. எண்ணெயில் கரைத்த அந்த மருந்து, கொழுப்புள்ள உணவோடு போனால்தான் குடலில் ஏறும். ஒருவர் டயட் என்று எண்ணெயை அடியோடு நிறுத்திவிட்டு, கேப்சூலைக் கஞ்சித் தண்ணீரோடு விழுங்கிக்கொண்டிருந்தார். சோர்வெல்லாம் திரும்பி வந்துவிட்டது. மருந்தைச் சரியாக முட்டை, மீன் குழம்புச் சாப்பாட்டோடு போடச் சொன்னோம், அவ்வளவுதான்.

இதைப் படித்துவிட்டு "எனக்கும் தொப்பை, நானும் ஊசி போடட்டுமா?" என்று கேட்பவர்களுக்கு: இது எடை குறைக்கும் ஊசி அல்ல. டெஸ்டோஸ்டிரோன் குறைவின் அறிகுறிகள் இருக்க வேண்டும், அதோடு காலையில் வெறும் வயிற்றில், வேறு வேறு நாளில் எடுத்த இரண்டு ரத்தச் சோதனையிலும் அளவு குறைந்திருக்க வேண்டும். தொப்பைக் கொழுப்பே டெஸ்டோஸ்டிரோனைப் பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகிறது. பலருக்கு எடை குறைந்தாலே அளவு தானாக ஏறும். பிள்ளை பெற்றுக்கொள்ள நினைக்கும் இளைஞர்கள் கட்டாயம் முதலில் டாக்டரிடம் சொல்ல வேண்டும், ஊசி விந்தணு உற்பத்தியைக் குறைத்துவிடும், நிறுத்தவும் கூடும். பாசார் மாலாமில் விற்கும் 'ஆண்மை' கோப்பிப் பொட்டலங்களைத் தொடவே வேண்டாம். அவற்றில் டாக்டர் சீட்டோடு மட்டும் தர வேண்டிய மருந்துகளைக் கலந்திருப்பதாகச் சுகாதார அமைச்சு பலமுறை எச்சரித்திருக்கிறது. இதய மாத்திரை எடுப்பவருக்கு அது உயிருக்கே ஆபத்து.

நம் லோரிக்கார அண்ணன் ஐந்து மாதம் கழித்து வந்தார். இந்த முறை மனைவியும் கூட வந்திருந்தார், சாப்பாட்டு நோட்டு அவர் கைப்பையில். எடை 90. வயிறு 101. சிவப்பணுப் பங்கு 50, கை நடுக்கம் இல்லை. பெல்ட்டில் மூன்றாவது ஆணி ஓட்டை. அடுத்த ஊசிக்கு முந்தின வாரம் காலையில் ரத்தச் சோதனைக்கு வரச் சொல்லி, தேதியை நோட்டின் அட்டையில் எழுதிக் கொடுத்தேன். லோரியில் இப்போது இரண்டு லிட்டர் தண்ணீர் போத்தல் இருக்கிறது என்று அவர் மனைவிதான் சொன்னார்.