உணவுக்குப் பிந்தைய குறுநடை: தசைக்குள் நிகழ்வது என்ன?

நீரிழிவு இல்லாத ஒருவரின் உடலில் ஓடும் ஏறத்தாழ 5 லிட்டர் இரத்தத்தில், காலையில் வெறும் வயிற்றில், கரைந்திருக்கும் குளுக்கோஸின் மொத்த எடை 5 கிராம் அளவில்தான் இருக்கும். ஒரு தேக்கரண்டிச் சர்க்கரை, அவ்வளவே. ஆனால் ஒரு கிண்ணம் சோற்றில் மட்டும் 40 கிராமுக்கும் மேற்பட்ட மாவுச்சத்து உண்டு. அதன் பெரும்பகுதி செரித்துக் குளுக்கோஸாகி, இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் இரத்தத்தில் வந்து சேருகிறது. இருந்தும் அவருடைய சர்க்கரை அளவு டெசிலிட்டருக்கு 140 மில்லிகிராமைத் தாண்டுவது அரிது என்றால், உள்ளே வரும் குளுக்கோஸ் அநேகமாக வந்த வேகத்திலேயே இரத்தத்தை விட்டு நீங்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். நீரிழிவாளருக்குத் தடைபடுவது இந்த நீக்கம். நடைப்பயிற்சி கைகொடுப்பதும் இங்கேதான்.

இரத்தத்திலிருந்து நீங்கும் குளுக்கோஸில் ஒரு பங்கைக் கல்லீரல் எடுத்துக்கொள்கிறது. இன்சுலினின் தூண்டுதலால் உறிஞ்சப்படுவதில் பெரும்பங்கு எலும்புத்தசைகளுக்குப் போகிறது. தசைச் செல்லின் சவ்வைக் குளுக்கோஸ் தானாகக் கடக்க இயலாது. அதைக் கடத்திவிடுவதற்கென்றே ‘குளுட்-4’ என்னும் புரதம் இருக்கிறது. ஓய்வு நேரத்தில் இப்புரதத்தின் பெரும்பகுதி செல்லுக்குள் நுண்ணிய பைகளில் ஒடுங்கிக் கிடக்கும். இன்சுலின் செல்லின் மேற்புறத்திலுள்ள ஏற்பியில் வந்து இணைந்ததும் வேதிச் சமிக்ஞைகள் ஒன்றையொன்று தூண்டியபடி உள்ளே பரவ, அந்தப் பைகள் விளிம்புக்கு நகர்ந்து சவ்வோடு கலக்கின்றன. வெளிப்பட்ட குளுட்-4 குளுக்கோஸை உள்ளே விடுகிறது. இரண்டாம் வகை நீரிழிவில் இந்தச் சமிக்ஞைத் தொடர் நலிந்துவிடுவதால், இன்சுலின் வந்து நின்றாலும் செய்தி முழுமையாக உள்ளே போய்ச் சேர்வதில்லை. மருத்துவர்கள் இன்சுலின் எதிர்ப்பு என்று குறிப்பிடுவதில் முக்கியமான பகுதி இது.

தசைக்கு இன்னொரு வழியும் உண்டு. கால் தசைகள் சுருங்கி விரியும்போது செல்லின் ஆற்றல் நாணயமான ஏ.டி.பி. செலவாகிறது; அதன் குறைவை உணரும் ஏ.எம்.பி.கே. என்ற நொதியும், தசைச் சுருக்கத்தின்போது செல்லுக்குள் வெளியிடப்படும் கால்சியமும், பிற சில சமிக்ஞைகளும் சேர்ந்து, இன்சுலினை எதிர்பாராமலே குளுட்-4 பைகளை விளிம்புக்கு அனுப்புகின்றன. முன்வாசல் அழைப்புமணி பழுதான வீட்டில், கொல்லைப்புறமாக ஒருவர் உள்ளே வந்து கதவைத் திறந்துவிடுவதைப் போன்றது இது. திறப்பது அதே கதவுதான், திறக்கச் சொல்லும் குரல் வேறு. இன்சுலின் எதிர்ப்பு உள்ளவர்களிடமும் இந்த இரண்டாவது வழி பெரும்பாலும் பழுதில்லாமல் இயங்குகிறது என்பதே நீரிழிவு மருத்துவத்தில் நடைக்கு இருக்கும் மதிப்பின் அடிப்படை. நடை முடிந்த பிறகும் அதன் பயன் உடனே தீர்ந்துவிடுவதில்லை. உழைத்த தசை, குளுக்கோஸைச் சேமித்துவைக்கும் வடிவமான கிளைக்கோஜனின் இருப்பை நிரப்பிக்கொள்ளும் வரை இன்சுலினுக்குக் கூடுதலாகச் செவிசாய்க்கிறது. பயிற்சியின் அளவைப் பொறுத்து இது ஓரிரு நாள் நீடிக்கலாம். வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடற்பயிற்சி வேண்டும், தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் இடைவெளி விடக் கூடாது என்று அமெரிக்க நீரிழிவுச் சங்கம் சொல்வதற்குக் காரணமும் இதுவே.

எப்போது நடப்பது என்ற கேள்விக்கு நம்மிடையே கிடைக்கும் வழக்கமான விடை, விடியற்காலை. அதில் தவறில்லை, வெயில் இல்லை, போக்குவரத்து குறைவு, பேச்சுத் துணைக்கும் ஆள் கிடைக்கும். ஆனால் வெறும் வயிற்றில் எடுக்கும் சர்க்கரை அளவைப் பெரிதும் தீர்மானிப்பது இரவு முழுவதும் கல்லீரல் வெளியிடும் குளுக்கோஸ். மாதக்கணக்கில் காலையில் நடந்தும் அந்த எண் இறங்கவில்லையே என்று மனம் தளர்கிறவர்கள், உணவுக்குப் பின் பார்க்கும் எண்ணையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது. நடையின் உடனடிப் பலன் அங்கேதான் தெளிவாகத் தெரியும்.

நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வு இதை நேரடியாகச் சோதித்தது. இரண்டாம் வகை நீரிழிவுள்ள 41 பேர், இரண்டு வாரம் நாள்தோறும் விருப்பமான நேரத்தில் 30 நிமிடம் நடந்தார்கள். வேறு இரண்டு வாரம் ஒவ்வொரு வேளை உணவுக்குப் பிறகும் பத்துப் பத்து நிமிடமாக நடந்தார்கள். மொத்த நடை ஒன்றே. ஆயினும் உணவுக்குப் பிந்தைய சர்க்கரை உயர்வு இரண்டாவது முறையில் சராசரியாக 12 சதவீதம் குறைவாக இருந்தது. இரவு உணவுக்குப் பின் மட்டும் இந்த வேறுபாடு 22 சதவீதம். அந்த வேளையில்தான் அவர்கள் மாவுச்சத்தை அதிகம் உண்டார்கள், உண்டபின் அதிக நேரம் உட்கார்ந்தும் இருந்தார்கள். இதற்கு முன்பே, 2013இல், அமெரிக்காவின் ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தார் முதியவர்களிடம் நடத்திய ஆய்வும் இரவு உணவுக்குப் பிந்தைய 15 நிமிட நடையின் பலனைக் காட்டியிருந்தது. பங்கேற்றவர்கள் பத்துப் பேரே என்பதால் அதை ஒரு குறிப்பாகவே கொள்ள வேண்டும்.

இந்த முடிவு நம் வீடுகளுக்கு எவ்வளவு பொருந்துகிறது என்பதைச் சொல்லத் தேவையில்லை. கடையைச் சாத்திவிட்டோ அலுவலகத்திலிருந்தோ ஒன்பதரைக்கு வந்து, பத்து மணிக்குத் தோசையோ பரோட்டாவோ சாப்பிட்டு, அப்படியே படுக்கைக்குப் போவது இங்கே பரவலான வழக்கம். உண்ட களைப்பு தொண்டனுக்கும் உண்டு என்று நாம் சொல்லிக்கொள்ளும் அந்த அரைமணி நேரத்தில்தான் குளுக்கோஸ் இரத்தத்தில் ஏறத் தொடங்குகிறது, அதை வாங்கிக்கொள்ள வேண்டிய தொடைத் தசைகளோ ஓய்வில் இருக்கின்றன. மொட்டை மாடியிலோ தெருவிலோ பத்து நிமிடம் நடந்தால் போதும். வியர்க்க விறுவிறுக்க நடக்க வேண்டியதில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பெரிய ஆய்வொன்று 2023இல் நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்கு நீரிழிவு இருப்பதாகக் கணக்கிட்டது. அவர்களில் எத்தனை பேருக்குப் பூங்காவும் ஓய்வான காலைப் பொழுதும் வாய்க்கும்? பத்து நிமிடம் என்பது பெரும்பாலோருக்கு எட்டும் அளவு.

நடையால் வாழ்க்கைத் தரம் உயர்கிறதா என்பதை அளப்பது, சர்க்கரையை அளப்பது போல எளிதன்று. அமெரிக்காவில் 2001இல் தொடங்கிய ‘லுக் அஹெட்’ ஆய்வு, அதிக எடையும் இரண்டாம் வகை நீரிழிவும் உள்ள 5,145 பேரைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தது. உணவுக் கட்டுப்பாட்டோடு, பெரும்பாலும் நடையாக அமைந்த பயிற்சியையும் மேற்கொண்ட குழுவில் மாரடைப்பு, பக்கவாதம் முதலியவை குறையவில்லை என்ற ஏமாற்றமான முடிவோடு அது 2012இல் நிறுத்தப்பட்டது. ஆனால் அதே குழுவில், முதல் நான்கு ஆண்டுகளில், நடமாட்டத் திறனை இழக்கும் வாய்ப்பு ஒப்பீட்டுக் குழுவைவிட 48 சதவீதம் குறைவாக இருந்தது; மனச்சோர்வின் அறிகுறிகளும் குறைந்தன. படியேறுவது, கடைக்குப் போய் வருவது, பிறர் உதவியின்றிக் குளிப்பது ஆகியவை ஆய்வகச் சோதனை எதிலும் வராத எண்கள். என் பார்வையில், அறுபதைக் கடந்த ஒருவருக்கு இவை மூன்று மாதச் சராசரி சர்க்கரை அளவுக்கு இணையான மதிப்புடையவை.

பாதத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நீண்ட நாள் நீரிழிவால் பாத நரம்புகள் மரத்துப்போனவருக்குச் செருப்புக்குள் கிடக்கும் சிறு கல்லும் தெரியாது. வலி இல்லாததால் கொப்புளம் புண்ணாகும் வரை நடந்துகொண்டே இருப்பார். உணர்வு குறைந்த பாதங்களுக்கென நம்மூரில் மருத்துவர்கள் பரிந்துரைக்கும் எம்.சி.ஆர். செருப்பு, மிருதுவான நுண்ணறை ரப்பர் அடித்தளத்தால் அழுத்தத்தைப் பாதம் முழுவதும் பரப்புகிறது; தொழுநோயால் உணர்விழந்த பாதங்களைக் காக்கவும் இது நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகிறது. நடை முடிந்ததும் உள்ளங்காலையும் விரலிடுக்குகளையும் பார்ப்பது, குனிய முடியாதவர் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பார்ப்பது, வெறுங்காலுடன் நடக்காமல் இருப்பது ஆகியவை அடிப்படையான காப்பு. ஆறாத புண்ணோ, திடீரென்று சூடேறிய வீக்கமோ இருந்தால் மருத்துவர் சொல்லும் வரை அந்தக் காலை ஊன்றி நடக்கக் கூடாது.

மற்றொரு எச்சரிக்கை தாழ் சர்க்கரை பற்றியது. மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவர்களுக்கு இது அரிது. இன்சுலினோ, கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கவைக்கும் கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகளோ எடுப்பவர்களுக்கு, மருந்தும் நடையும் ஒரே நேரத்தில் குளுக்கோஸை இழுப்பதால் அளவு 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கக்கூடும். நடுக்கம், படபடப்பு, வியர்வை தோன்றினால் நடையை நிறுத்தி 15 கிராம் சர்க்கரையைக் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதிக்க வேண்டும். இரத்த அழுத்தத்துக்காகவோ இதயத்துக்காகவோ பீட்டா பிளாக்கர் மாத்திரை எடுப்பவருக்கு நடுக்கமும் படபடப்பும் மறைந்துபோகும், வியர்வை ஒன்றே அறிகுறியாக எஞ்சலாம். தொடையில் இன்சுலின் ஊசி போட்ட கையோடு நடக்கக் கிளம்பினால், உழைக்கும் தசைக்குப் பாயும் கூடுதல் இரத்தம் மருந்தை வேகமாக உறிஞ்சிவிடும்; நடக்கப் போகும் வேளைகளில் வயிற்றுப் பகுதியில் போட்டுக்கொள்ளலாமா என்று மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நல்லது.