வெள்ளம் படர்வதற்கென்றே ஒரு புல்வெளி

லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்ட், அதாவது நிலவெளி வடிவமைப்பாளர், என்றதும், கட்டடம் எழும்பி முடிந்தபின் வந்து செடி நட்டுப் புல் பதித்துவிட்டுப் போகும் ஒருவரைத்தான் பெரும்பாலோர் நினைத்துக்கொள்கிறார்கள். சிங்கப்பூரின் பீஷான்–அங் மோ கியோ பூங்காவை அறிந்தவர்களுக்கு அந்த எண்ணம் நிலைக்காது.

பூங்காவை ஒட்டி, காலாங் ஆறு 2.7 கிலோமீட்டர் நீளமுள்ள நேரான கான்கிரீட் கால்வாயாக ஓடிக்கொண்டிருந்தது. ஜெர்மானிய லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்ட் ஹெர்பர்ட் ட்ரைசைட்டலின் நிறுவனம், நாட்டின் நீர்வள அமைப்பான பொதுப் பயனீட்டுக் கழகத்துடனும் தேசியப் பூங்காக் கழகத்துடனும் சேர்ந்து அந்தக் கான்கிரீட்டைப் பெயர்த்தெடுத்து, 3.2 கிலோமீட்டர் வளைந்து செல்லும் ஆற்றைப் பூங்காவுக்குள்ளேயே உருவாக்கியது. 2012இல் அது திறக்கப்பட்டது.

வளைவும் புல்லும் கல்லும் நீரின் வேகத்தைக் குறைக்கும். வேகம் குறைந்தால் மட்டம் உயரும். அப்படியிருக்க, இந்த ஆறு பழைய கால்வாயைவிட அதிக வெள்ளத்தை எப்படித் தாங்குகிறது? விடை அகலத்தில் இருக்கிறது. முன்பு அதிகபட்சம் 24 மீட்டருக்குள் அடைபட்டிருந்த நீர், இப்போது ஏறத்தாழ 100 மீட்டர் வரை விரிய முடியும். மழையில்லாத நாளில் குழந்தைகள் கால் நனைக்கும் ஓடை, பெருமழையில் இருபுறப் புல்வெளியின் மீதும் ஏறிப் படர்கிறது. ஆகவே, மக்கள் அமர்ந்து இளைப்பாறும் அந்தச் சரிவு அழகுக்காக மட்டும் அமைந்ததன்று. எவ்வளவு மழைக்கு எவ்வளவு உயரம் என்று கணக்கிட்டுச் செதுக்கிய வெள்ளப் பாதை அது. நீர்மட்டம் உயரும்போது, உணர்கருவிகள் அதை அறிந்து எச்சரிக்கை எழுப்புகின்றன.

கரையை அரிக்கவிடாமல் காப்பவை பெரும்பாலும் வேர்களே. வெப்பமண்டல மழைக்கு எந்த முறை தாக்குப்பிடிக்கும் என்றறிய, 2009இல் 60 மீட்டர் நீளத்துக்குச் சோதனைக் கரை அமைத்து, செடியையும் கல்லையும் மண்ணையும் பத்து விதமாக இணைத்துப் பார்த்தார்கள். இந்தப் பொறுமைதான் என்னை மிகவும் கவர்கிறது: எந்தச் செடி அழகானது என்பதற்கு முன்பாக, எந்த வேர் மண்ணைப் பிடிக்கும் என்று அவர்கள் கேட்டிருக்கிறார்கள்.

வேலை இவ்வளவு செம்மையாக அமைந்துவிட்டதால், முதன்முறை வருபவர் அந்த ஆறு என்றும் அப்படியே ஓடியதாக எண்ணக்கூடும். பழைய கால்வாயின் கான்கிரீட்டை அடுக்கி எழுப்பிய சிறு குன்றொன்று அதே பூங்காவில் இருக்கிறது; அதன்மேல் ஏறி நின்றால் கீழே ஆற்றின் வளைவுகளைக் காணலாம்.