தேற்றிய நீரும் தேறிய நீரும்

பாலாற்றங்கரை ஊர் ஒன்றில் நடந்த கூட்டம் அது. அலுவலர் ஒருவர் தாளைப் பார்த்துப் படித்தார்: “நாள்தோறும் சேரும் கழிவுநீர் முறையாகச் சுத்திகரிக்கப்பட்டு வெளியேற்றப்படுகிறது.” பின்வரிசையில் இருந்த பெரியவர் எழுந்து, “சுத்திகரிச்சதுன்னா அத்த குடிக்கலாமா சார்?” என்று கேட்டார். கூட்டம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. “ஸ்கூல்ல பசங்களுக்கு வெச்சிருக்கிற மெஷின்லயும் அதே வார்த்ததான் எழுதிகீது. அத்த குடிக்கிறாங்களே?” என்றார்.

கையோடு ஓர் எவர்சில்வர் தட்டு கொண்டுவந்திருந்தார். தன் கிணற்றுத் தண்ணீரை ஒரு டம்ளர் அதில் ஊற்றி வெயிலில் வற்றவிட்டிருக்கிறார். விளிம்பை ஒட்டி வட்டமாக ஒரு வெள்ளைப் படிவு. நகத்தால் சுரண்டிக் காட்டினார். கோலமாவு போல உதிர்ந்தது.

அலுவலர் பொய் சொல்லவில்லை. பெரியவரும் வம்புக்குக் கேட்கவில்லை. இருவருக்கும் நடுவில் நின்று குழப்பியது ஒரு சொல். ஆங்கில அறிக்கைகளைத் தமிழில் பெயர்ப்பதுதான் என் தொழில். அந்தச் சொல்லை நானும் நூற்றுக்கணக்கான முறை எழுதியிருக்கிறேன். அன்றைக்குப் பிறகு எழுதக் கை வரவில்லை.

ஆங்கிலத்தில் ‘ட்ரீட்மென்ட்’ என்பதைத்தான் ‘சுத்திகரிப்பு’ என்கிறோம். ‘ட்ரீட்’ லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. மூலத்தில் கையாளுதல் என்று பொருள். மருத்துவர் நோயைக் கையாள்வதும் பொறியாளர் சாக்கடையைக் கையாள்வதும் அங்கே ஒரே சொல்லுக்குள் அடங்கும். தூய்மை என்ற பொருள் அதில் எங்கும் இல்லை. ‘சுத்திகரிப்பு’ வடமொழிச் சுத்தியிலிருந்து வருவது. சுத்தி என்றால் தூய்மை, சுத்திகரிப்பது என்றால் தூய்மையாக்குவது. ‘கழிவு’ நம் ‘கழி’யிலிருந்து வந்தது: கணக்கில் கழிப்பதும் அதுதான், வேண்டாததைக் கழிப்பதும் அதுதான். சொற்பிறப்பு இவ்வளவு போதும். என் சண்டை அதன் பிறகுதான் தொடங்குகிறது.

ஐக்கிய நாடுகளின் புள்ளியியல் பிரிவு 1999 முதல் நாடுகளுக்குச் சுற்றுச்சூழல் வினாப்பட்டியல் அனுப்பிவருகிறது. எவ்வளவு கழிவுநீர் உண்டாகிறது, எவ்வளவு குழாயில் சேர்கிறது, அதில் எவ்வளவு ‘ட்ரீட்’ ஆகிறது, மக்களில் எத்தனை பேரின் வீடுகள் நிலையத்தோடு இணைந்திருக்கின்றன என்றெல்லாம் அதில் கேட்கிறார்கள். அங்கே ‘ட்ரீட்மென்ட்’ என்பதற்குத் தரும் வரையறையின் சாரம் இதுதான்: கழிவுநீரை உரிய சுற்றுச்சூழல் வரம்புக்கோ வேறு தர வரம்புக்கோ பொருந்தும்படி ஆக்குவது. தூய்மையைப் பற்றிப் பேச்சில்லை, வரம்பைப் பற்றித்தான் பேச்சு.

அந்த வரம்பும் படிப்படியானது. தண்ணீரில் உள்ள அழுக்கைத் தின்ன நுண்ணுயிர்களுக்கு எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும் என்பதை வைத்து அழுக்கை அளக்கிறார்கள்; அந்த அளவுக்கு உயிர்வேதி ஆக்சிஜன் தேவை, அதாவது பி.ஓ.டி., என்று பெயர். முதல்நிலை என்றால் அது 20 சதவீதமாவது குறைய வேண்டும். நீரில் கரையாமல் கலந்து நிற்கும் திடப்பொருள் பாதியாவது குறைய வேண்டும். இரண்டாம் நிலைக்கு பி.ஓ.டி. 70 சதவீதமாவது இறங்க வேண்டும். பி.ஓ.டி. கணக்கில் முதல்நிலைத் தண்ணீரில் அழுக்கின் ஐந்தில் நான்கு பங்கு அப்படியே இருக்கலாம் என்றுதானே இதற்கு அர்த்தம்? அதற்கும் நாம் வைத்திருக்கும் பெயர் ‘முதல்நிலைச் சுத்திகரிப்பு’. ஐந்தில் ஒரு பங்கு அழுக்கு போன துணியைத் துவைத்த துணி என்று எந்த வீட்டிலும் மடித்து வைக்க மாட்டார்கள்.

வேலூர்ப் பக்கத்துக்காரர்களுக்கு இது அகராதிச் சண்டை இல்லை. இங்கே தோல் பதனிடும் ஆலைகள், அதாவது டேனரிகள், நிறைய. தோலைக் கெடாமல் வைக்க உப்பு தடவுவார்கள். டேனரிக்கு வந்ததும் ஊறப்போட்டு அந்த உப்பைக் கழுவுவார்கள். கழிவுநீரின் உப்பில் பெரும்பகுதி அங்கேயே சேர்ந்துவிடுகிறது. நுண்ணுயிரை வைத்து அழுக்கைத் தின்னவிடும் தொட்டிகள் அந்த உப்பைத் தொடுவதில்லை. உப்பைப் பிரிக்க ஆர்.ஓ. போன்ற வேறு ஏற்பாடு வேண்டும். கரைந்த உப்புகளுக்கு லிட்டருக்கு 2,100 மில்லிகிராம் என்று வரம்பு இருக்கிறது. ஆனாலும், நாற்றம் போய், நிறம் போய், பி.ஓ.டி. இறங்கி, உப்பு மட்டும் அப்படியே இருக்கிற தண்ணீரும் அறிக்கையில் ‘சுத்திகரிக்கப்பட்ட நீர்’ ஆகிவிடும். பெரியவரின் தட்டில் இருந்தது அந்த மிச்சம். 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் தீர்ப்புச் சொல்லி, மாசுபடுத்தியவரே இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தின் பகுதியாக ஏற்றது. பின்னர் 186 கிராமங்களில் 29,193 பேருக்கு இழப்பீடு நிர்ணயித்தார்கள். 2025 ஜனவரியில் அதே பாலாறு, அதே தோல் கழிவு பற்றி இன்னொரு தீர்ப்பு வந்தது. இவ்வளவு நடந்த மண்ணில் ‘சுத்தி’ என்ற சொல்லை இத்தனை தாராளமாக வீசக் கூடாது.

சரி, மாற்றுச் சொல் என்ன? இங்கேதான் எனக்குத் தமிழ் நண்பர்களோடும் மல்லுக்கட்டு.

முதலில் ‘கழிவுநீர் சிகிச்சை’. இயந்திர மொழிபெயர்ப்பு கொடுத்ததை அப்படியே ஒட்டுகிறவர்களின் வேலை இது. தண்ணீருக்கு ஊசி போடுவதாகத்தான் காதில் விழுகிறது. படித்துப் பார்க்காமல் ஒப்படைத்தவருக்குக் கூலி கொடுக்கக் கூடாது. சிகிச்சை வடசொல் என்று அதைப் ‘பண்டுவம்’ ஆக்கியவர்களும் உண்டு. தவறு தவறாகவே இருக்க, சட்டை மட்டும் மாறியிருக்கிறது.

‘பதப்படுத்தல்’ மோசமில்லை என்று ஒரு காலத்தில் நினைத்தேன். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் அது ஓடாது. இங்கே பதம் என்றால் தோல். ‘தோல் பதப்படுத்தும் ஆலைக் கழிவுநீரைப் பதப்படுத்தும் ஆலை’ என்று ஒருமுறை எழுதிப் பார்த்துவிட்டு நானே அடித்தேன். இலங்கைத் தமிழர் ‘பரிகரிப்பு’ என்று எழுதுகிறார்கள். ‘சுத்தி’யை விட நேர்மையான சொல், தூய்மை என்று வாக்குக் கொடுப்பதில்லை. ஆனால் இந்தப் பக்கம் பரிகாரம் என்றதும் சனிப்பெயர்ச்சிதான் நினைவுக்கு வரும்.

என் கோபமெல்லாம் ‘தூய்மிப்பு’ மீதுதான். தனித்தமிழ்ப் பற்றுள்ள நண்பர் ஒருவர் இதை விடாமல் பரிந்துரைக்கிறார்: ‘கழிவுநீர்த் தூய்மிப்பு நிலையம்’. தனித்தமிழ் எனக்கும் உயிர்தான். கிரந்தம் கலக்காமல் ஒரு பக்கம் எழுதி முடித்தால் அன்றைக்குச் சோறு நன்றாக இறங்கும். ஆனால் ‘சுத்தி’யோடு என் பிணக்கு அது வடசொல் என்பதால் வந்தது இல்லை. தூய்மை ஆகாததைத் தூய்மை என்கிறதே, அதுதான் பிணக்கு. அதே பொய்யைச் செந்தமிழில் சொன்னால் அது செந்தமிழ்ப் பொய். இன்னும் சொல்லப்போனால் கூடுதல் கேடு. ‘சுத்திகரிப்பு’ பழகித் தேய்ந்து போன சொல், அதன் உள்ளே இருக்கும் சுத்தியைப் பலர் கவனிப்பதில்லை. ‘தூய்மிப்பு’ புத்தம் புதிதாகத் தூய்மையைக் காதில் அறைகிறது. வேர்ச்சொல் எந்த மொழி என்று பார்க்கிற நேரத்தில் பாதியையாவது, சொல் எந்தப் பொருளைக் காட்டுகிறது என்று பார்ப்பதில் செலவிட்டால் கலைச்சொல்லாக்கம் பிழைக்கும்.

என் சொல் ‘தேற்றல்’.

மாறு, மாற்று. ஏறு, ஏற்று. அப்படியே தேறு, தேற்று. கலங்கிய தண்ணீர் தெளிவதற்குக் குடத்தின் உட்புறம் தேற்றாங்கொட்டையை உரைத்துவிடுவது நம் பாட்டிமார் வழக்கம்; நாட்டு மருந்துக் கடைகளில் இன்றும் அந்தக் கொட்டை கிடைக்கிறது. இந்த வினை நீரோடு சேர்ந்து வருவதும் புதிதில்லை. கலித்தொகையின் நெய்தற்கலியில் ‘இல்லத்துக் காழ்கொண்டு தேற்ற’ நீர் தெளிவது உவமையாக வருகிறது. இல்லம் என்பது தேற்றா மரம், காழ் என்பது கொட்டை. கழிவுநீர் நிலையத்துக்கு என்று யாரும் புதிதாகச் செதுக்க வேண்டிய தேவையே இல்லாமல் சொல் காத்துக்கிடக்கிறது.

இதில் எனக்குப் பிடித்தது வேறு. ‘தேறு’ என்பதற்கு வரம்பைத் தாண்டுவது என்றும் பொருள். பையன் பரீட்சையில் தேறினான் என்கிறோம். நூற்றுக்கு நூறு வாங்கினான் என்று அதற்கு அர்த்தமில்லை. காய்ச்சலில் கிடந்தவர் தேறிவருகிறார் என்றால் ஓடியாடுகிறார் என்று அர்த்தமில்லை. அப்புறம் வியாபாரத்தில், ‘செலவெல்லாம் கழித்து எவ்வளவு தேறும்?’ கழிவும் தேறலும் ஏற்கெனவே ஜோடி. கழிவுநீர்க் கணக்குக்கு இதைவிடப் பொருத்தமாக எந்த மொழி சொல் கொடுக்கும்?

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 2020-21 கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். நாட்டின் நகரங்களில் நாளொன்றுக்கு உண்டாகும் கழிவுநீர் 7,236.8 கோடி லிட்டர். நிறுவிய நிலையங்களின் திறன் 3,184.1 கோடி. அவற்றில் இயங்குகிறவற்றின் திறன் 2,686.9 கோடி. உண்மையில் அவற்றுக்குள் போய் வந்தது ஏறக்குறைய 2,020 கோடி. தர வரம்புக்குள் இருந்த நிலையங்களின் திறன் ஏறக்குறைய 1,220 கோடி. ‘இந்தியாவில் எவ்வளவு கழிவுநீர் சுத்திகரிக்கப்படுகிறது?’ என்று கேட்டால் 44 சதவீதம் என்று சொல்லலாம், 37 என்று சொல்லலாம், 28 என்று சொல்லலாம், கடைசி வரியைப் பிடித்தால் 17 என்றும் சொல்லலாம். தமிழில் நாலுக்கும் ‘சுத்திகரிப்பு’தான். பத்திரிகைச் செய்தியில் எது கைக்கு அகப்பட்டதோ அது வந்துவிடுகிறது. தேற்றும் திறன், தேற்றிய நீர், தேறிய நீர் என்று பிரித்தால் 44-ஐயும் 28-ஐயும் யாரும் ஒன்றாக்க முடியாது. தேற்றியும் தேறாத நீர் என்று ஒன்று உண்டு என்பதும் வெளியே வரும். இன்றைய அறிக்கைத் தமிழில் அதைச் சொல்ல வழியே கிடையாது.

இதே அட்டவணையின் முதல் வரியைத் தமிழில் ‘கழிவுநீர் உற்பத்தி’ என்று போடுகிறார்கள். நெல் உற்பத்தி, பால் உற்பத்தி, அதற்குப் பக்கத்தில் இது. கழிவு உற்பத்தி ஆவதில்லை, உண்டாகிறது, சேர்கிறது. அந்த எண்ணும் அளந்து எடுத்தது என்று நினைத்துவிடாதீர்கள். பெரும்பாலும் வழங்கும் தண்ணீரில் 80 சதவீதம் கழிவாகும் என்று போடும் கணக்கு. வீட்டு போர்வெல்லில் இறைக்கும் தண்ணீர் எந்த மீட்டரிலும் ஏறாது. அதனால் அதை ‘மதிப்பீடு’ என்று தலைப்பிலேயே எழுத வேண்டும். இத்தகைய அட்டவணைகளில் வரும் ‘அகற்றல்’ இன்னொன்று. எங்கிருந்து அகற்றினார்கள் என்று தெரிகிறது, எங்கே கொண்டுபோய் விட்டார்கள் என்று தெரிவதில்லை. ‘ஆற்றில் விட்டது’, ‘நிலத்தில் பாய்ச்சியது’, ‘ஏரியில் கலந்தது’ என்று எழுத மையா தீர்ந்துவிடும்?

தேற்றலுக்கு எதிராக மூன்று சொல்வார்கள். அழுகிறவரைத் தேற்றுவது நினைவுக்கு வருமே என்பது ஒன்று. வரட்டும், கலங்கியது தெளிவதுதான் இரண்டிலும். கணக்கில் ‘தேற்றம்’ இருக்கிறதே என்பது இன்னொன்று. அதனால்தான் நான் தேற்றம் என்று எழுதாமல் தேற்றல் என்கிறேன். மூன்றாவதுதான் சரியான கேள்வி: தேற்றாங்கொட்டை கலங்கலைத்தான் எடுக்கும், உப்பை எடுக்காதே? ஆமாம், எடுக்காது. கொட்டை உரைத்த குடத்தைப் பார்த்த எவருக்கும் அது தெரியும். எது போனது, எது மிஞ்சியது என்று கேட்க இடம் வைக்கிற சொல் அது.

அடியில் மண்டி தங்கும் என்பதும் தெரியும். ‘சுத்தி’ என்றதும் அழுக்கு மாயமாகிவிட்டதாக மனம் ஏற்றுக்கொள்கிறது. அழுக்கு எங்கும் போகவில்லை, கசடாகித் தொட்டியில் கிடக்கிறது. 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டை சிப்காட்டில் பொதுக் கழிவுநீர் நிலையம் ஒன்றின் கசடுத் தொட்டிச் சுவர் இடிந்து 10 தொழிலாளர்கள் இறந்தார்கள். கழிவுநீர்க் கணக்கில் தேற்றிய நீருக்கு ஒரு கட்டம் போட்டால், பக்கத்திலேயே தங்கிய கசடுக்கு ஒரு கட்டம் போட்டாக வேண்டும்.

கூட்டம் முடிந்து டீக்கடையில் அந்தப் பெரியவரோடு உட்கார்ந்தேன். தட்டு பெஞ்சின் மேல் இருந்தது. “ஐயா, சுத்திகரிச்ச தண்ணின்னு சொல்லாம, தேறின தண்ணின்னு சொல்லியிருந்தா உங்களுக்கு எப்படிப் பட்டிருக்கும்?” என்று கேட்டேன். டீயை ஆற்றிக்கொண்டே யோசித்தார்.

“எதுல தேறிச்சின்னு கேட்டிருப்பேன்.”

“ஆத்துல விடறதுக்குன்னு சொன்னா?”

“அப்ப நெலத்துக்கு?” என்றார்.