அறிக்கையில் வரும் 1 முதல் 6 வரை: பெற்றோருக்கு ஒரு விளக்கம்

மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டப்புற ஊர்களில் பிள்ளையின் அறிக்கை கைக்கு வந்ததும் பல பெற்றோர் கேட்பது, “டீச்சர், இவன் வகுப்பில எத்தனையாவது?” தமிழ்ப்பள்ளிகளில் இன்றைய மதிப்பீடு அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாது. ஆண்டு 6 பிள்ளைகள் எழுதிய யுபிஎஸ்ஆர் பொதுத்தேர்வு கடைசியாக நடந்தது 2019-இல். 2021-இல் அதை எடுத்தே விட்டார்கள். இப்போது வருஷம் முழுக்க நடப்பது வகுப்பறை மதிப்பீடு. பள்ளியில் பிபிடி என்பார்கள். அதன் அறிக்கை வருஷத்துக்குக் குறைந்தது 2 முறை வரும்.

ஒவ்வொரு பாடத்துக்கும் 1 முதல் 6 வரை ஓர் அடைவுநிலை போட்டிருக்கும். 1 என்றால் முதலிடம் என்று நினைத்துவிட வேண்டாம், அது தொடக்க நிலை. 6 தான் உச்சம். 3 வந்தால் குறைந்தபட்சம் எதிர்பார்த்ததைப் பிள்ளை எட்டிவிட்டது என்று பொருள். பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டு இதைப் போடுவதில்லை. பாடத்திட்டம் கேட்பதை உங்கள் பிள்ளை எவ்வளவு செய்கிறது என்பது மட்டும்தான் கணக்கு.

ஆண்டு 4 கணிதத்தையே எடுத்துக்கொள்வோம். 1,248 செம்பனைக் குலைகளை 6 லோரிகளில் சமமாக ஏற்றினால் ஒரு லோரிக்கு எத்தனை? விடை 208. நடுவில் வரும் பூஜ்யத்தை விட்டுவிட்டு 28 என்று எழுதும் பிள்ளைகள் நிறைய. வெறும் மார்க் என்றால் அது ஒரு தப்பு, அவ்வளவுதான். நல்ல ஆசிரியர், “28-ஐ 6-ஆல் பெருக்கிப் பாரு” என்பார். 168 வந்ததும் பிள்ளை விழிக்கும். வகுத்தல் புரிந்திருக்கிறது, இட மதிப்பில்தான் சறுக்கல் என்று ஆசிரியருக்கு அங்கேயே தெரிந்துவிடும். இந்தத் திட்டத்தின் உயிரே அதில்தான் இருக்கிறது என்பேன். வெறும் கணக்கைச் சரியாகப் போட்டால் 3. இப்படி அன்றாடப் பிரச்சினையாகக் கேட்டாலும் தீர்த்தால் 4. பழகாத புதுக் கணக்கையும் ஆக்கச் சிந்தனையோடு தீர்த்தால் 6.

வாய்மொழிக் கேள்வி, பயிற்சிப் புத்தகம், குழு வேலை, புதிர்ப்போட்டி என்று பல வழியில் பார்த்துத்தான் ஆசிரியர் முடிவு செய்கிறார். காய்ச்சலோடு வந்த ஒரு நாள் பிள்ளையின் நிலையை முடிவு செய்துவிடாது. 1, 2-இல் நிற்கும் பிள்ளைக்குக் குறைநீக்கல் பயிற்சி கொடுத்து மறுபடி பார்ப்பார்கள்.

அப்புறம், ஆண்டு 4 முதல் 6 வரை கல்வியாண்டு இறுதித் தேர்வும் உண்டு. அதற்கு ஏ முதல் எஃப் வரை கிரேடு. 82-உம் அதற்கு மேலும் ஏ, 20-க்குக் கீழே எஃப். அடைவுநிலை 4 வாங்கிய பிள்ளை தேர்வில் சி எடுக்கலாம். ஒன்று பல மாதத்து வேலை, மற்றது ஒரு நாள் தாள். இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

பள்ளிக்குப் போகும்போது “எத்தனையாவது?” என்பதை விட்டு, “எந்த இடத்துல தடுமாறுறான், அவன் நோட்டைக் காட்டுங்க” என்று கேளுங்கள். வேலை நேரம் ஒத்துவராவிட்டால் ஆசிரியருக்கு வாட்ஸ்அப்பில் எழுதிக் கேட்டாலும் சரி.