அனிகட், டேம், வியர்: எதற்கு எந்தத் தமிழ்ச்சொல்?

பழைய பொதுப்பணித்துறைக் கோப்புகளில் 'அனிகட்' என்று வருவது நம் அணைக்கட்டேதான். மதராஸ் மாகாணத்து வெள்ளைக்காரப் பொறியாளர்கள் காதில் விழுந்தபடி எழுதிக்கொண்டார்கள். அதைத் திரும்பத் தமிழாக்கும்போது நாம் 'அணை' என்று சுருக்கிவிடுகிறோம். கட்டு போனதும் பொருளும் போகிறது.

திருநெல்வேலிப் பக்கம் தாமிரபரணி ஆற்றில், பாபநாசத்தில் இருப்பது டேம். மழைக்காலத்துத் தண்ணீரைத் தேக்கி, மாதக்கணக்கில் வைத்திருந்து, மதகு வழியே திறப்பது. அதனால்தான் பாபநாசத்துக்கு 143 அடி, மணிமுத்தாறுக்கு 118 அடி என்று நீர்மட்டக் கணக்கு. இதற்கு அணை என்பதே சரி. ரிசர்வாயர் என்பது அணைக்குப் பின்னால் தேங்கி நிற்கும் நீர்ப்பரப்பு, அதாவது நீர்த்தேக்கம்.

அதே ஆற்றில் கீழே மருதூரில் இருப்பதோ அனிகட். ஆற்றுக்குக் குறுக்கே தாழ்ந்த சுவர். சேமித்து வைப்பது அதன் வேலையில்லை. ஆற்றின் மட்டத்தை உயர்த்தி, கரையோரத்தில் கால்வாய் தொடங்கும் தலைமதகுக்குள் தண்ணீரை ஏற்றிவிடும். மிச்சம் சுவர்மேல் வழிந்து கீழே போகும். அந்தக் கால்வாயைத்தான் கால் என்கிறோம்: மருதூரில் மேலக்கால், கீழக்கால். ஸ்ரீவைகுண்டத்தில் வடகால், தென்கால். தாமிரபரணியில் கோடைமேலழகியான் தொடங்கி இப்படி எட்டு அணைக்கட்டுகள். கடைசியான ஸ்ரீவைகுண்டம் மட்டும் பிரிட்டிஷ் காலத்தது. 'ஸ்ரீவைகுண்டம் அணை நிரம்பியது' என்று எழுதினால் விவசாயிக்கு ஒன்றும் விளங்காது. சுவர்மேல் எவ்வளவு வழிகிறது, காலில் எவ்வளவு போகிறது என்பதே அவருக்குச் சேதி. சுவருக்கு மேல்புறம் வண்டலும் மணலும் மேடிட்டால், ஆற்றில் நீர் ஓடும்போதே மதகுக்கு நீர் ஏறாமல் கால் காயும். இந்தப் பழுதையும் 'அணை' என்ற சொல் மறைத்துவிடும்.

பேரேஜுக்குக் கதவணை என்ற நல்ல சொல் வழக்கில் உண்டு. ஆற்றின் அகலம் முழுக்கக் கதவுகள். காவிரியில் மாயனூர் அப்படி.

சிக்கல் வியரில்தான். நீர் மேலே வழிந்தோடும் தாழ்ந்த சுவருக்கு ஆங்கிலத்தில் இந்தச் சொல்; அது ஆற்றிலும் இருக்கும், குளத்திலும் இருக்கும். ஆற்றில் கட்டியிருந்தால் அணைக்கட்டு என்றே சொல்லலாம். தடுப்பணை என்று எழுதுவது பிழை. அது செக் டேம், ஓடையில் நீரை நிறுத்தி நிலத்தில் இறக்குவது. குளத்தின் 'சர்ப்ளஸ் வியர்' என்றால் கலுங்கு. குளம் நிறைந்தபின் மிகுநீர் அதன்மேல் விழுந்து போவதைத்தான் 'குளம் மறுகால் பாயுது' என்கிறோம். மறுகால் நீர் அடுத்த குளத்துக்குப் போகும். ஆகவே 'உபரிநீர் வெளியேற்றம்' என்று புதிதாகக் கோக்க வேண்டியதில்லை; மறுகால்தலை, மறுகால்குறிச்சி என்று நம் ஊர்ப்பெயரிலேயே சொல் நிற்கிறது.